அலைச்சறுக்குப் பலகையும் மலையகத்து மரமும்: யாருடைய கை, யாருடைய காசு?

சுற்றுலா என்ற சொல் இல்லாமல் இலங்கையில் இப்போது எந்த அரசியல் மேடையும் முடிவதில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு அபிவிருத்தி கொண்டுவருகிறோம் என்றவர்கள் அந்தச் சொல்லோடுதான் வந்தார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது டொலருக்கு அதுதான் குறுக்குவழி என்றார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகும், மீட்சியைப் பற்றிய பேச்சில் முதல் வரிசையில் நிற்பது சுற்றுலாதான். 2024இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. வருகிறவர்களின் தலையை எண்ணுகிறோம். அவர்கள் விட்டுச்செல்லும் காசு யாருடைய மடியில் தங்குகிறது என்பதை எண்ணுவதில்லை.

இந்தக் கேள்வியை ஒரேயொரு பொருளை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அது அலைச்சறுக்குப் பலகை. போரில் வீடும் பிள்ளைகளும் இழந்த சனத்துக்கு அலைச்சறுக்குப் பலகையைப் பற்றி என்ன கவலை என்று வாசிப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அம்பாறை மாவட்டத்தின் பொத்துவில் பகுதியில், நாங்கள் உல்லை என்றும் உலகம் அறுகம்பை என்றும் அழைக்கும் கரையில், ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பல அந்தப் பலகையை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அந்த ஊரை அள்ளிக்கொண்டு போனது. பிறகு போர் நடந்தது. இரண்டையும் தாண்டி எழுந்த ஊர் அது. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையை வெளியிட்டது. இஸ்ரேல் தன் குடிமக்களை உடனே வெளியேறச் சொன்னது. ஒரு கடற்கரைக் கிராமத்தின் வருமானம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அன்று தெரிந்தது.

அந்தக் கரையில் பயணியின் கக்கத்தில் இருக்கும் பலகையை உற்றுப் பார்த்தால் அதில் எங்களுடையது என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் நுரை பெற்றோலியத்திலிருந்து வந்தது. அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடி நாரும் ரெசினும் இறக்குமதி. பயணி தன்னோடு கொண்டுவராத பலகை கப்பலில் வருகிறது. உடைந்ததை ஒட்டுவதும், வாடகைக்குக் கொடுப்பதும், அலையில் தள்ளிவிடுவதும்தான் எங்கள் பங்கு.

அந்த ஒட்டுகிற வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனது உறவுக்காரப் பொடியன் ஒருவன் அங்கே பருவத்துக்குப் பருவம் பலகை திருத்துகிறான். முள்ளிவாய்க்காலிலிருந்து தாயோடு வெளியே வந்தபோது அவனுக்கு எட்டு வயது. ரெசின் மணம் அவனுடைய உடுப்பில் ஊறிப்போயிருக்கிறது. "தூள்தான் மாமா பிரச்சினை. இரவில கை முழுக்கக் கடிக்கும்" என்றான். கண்ணாடி நார்த்தூளைப் பற்றித்தான் சொன்னான். முகத்துக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறான்.

பலகைத் தொழில் முழுவதிலும் ஓடுகிற பிரச்சினை இது. 1950களின் இறுதி வரை கலிபோர்னியாவில் பலகைகள் எக்குவடோரிலிருந்து வந்த பல்சா மரத்தில் செய்யப்பட்டன. பிறகு பொலியூரித்தேன் நுரை வந்தது. ஹோபி ஆல்டரும் அவரோடு வேலை செய்த கோர்டன் கிளார்க்கும் அதைத் தொழிலாக்கினார்கள். கிளார்க் தனியாகத் தொடங்கிய கிளார்க் ஃபோம், அமெரிக்காவில் பலகை செய்யப் பயன்பட்ட நுரைக்கட்டிகளில் மிகப்பெரும் பங்கை வார்த்தது. 2005 டிசம்பர் 5ஆம் திகதி அவர் திடீரென்று தொழிற்சாலையைப் பூட்டினார். சுற்றாடல் விதிகளையும், நுரை வார்ப்பதற்குப் பயன்பட்ட டிடிஐ என்ற நச்சு இரசாயனம் தொடர்பான நெருக்கடிகளையும் காரணம் காட்டினார். அது தொழிலாளரின் சுவாசப்பையைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடிய பொருள். கலிபோர்னியாவில் கதவு மூடியதால் நுரை நின்றுவிடவில்லை. வேறு நாடுகளில் வேறு தொழிலாளர்கள் அதை வார்க்கத் தொடங்கினார்கள். கடலை நேசிப்பதாகச் சொல்லும் ஒரு விளையாட்டு, கடலில் மக்காத ஒரு பொருளில் ஏறித்தான் நிற்கிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் எரிந்து மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் எங்கள் கடலில் கொட்டின. கரையில் அவற்றைப் பொறுக்கிய நாட்டுக்கு மக்காத பொருள் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

வடக்குக்கு ஃபைபர் புதிதல்ல. காரைநகர் சீநோர் தளத்தில் நோர்வே உதவியோடு ஃபைபர் படகுகள் கட்டப்பட்ட காலத்தை எங்கள் மூத்தவர்கள் மறக்கவில்லை. குருநகரில் வலைத் தொழிற்சாலை இருந்தது. அவற்றைப் போர் முடக்கியது. கட்டுமரத்திலிருந்து ஃபைபருக்கு மாறியதால் மீனவர் கூடத் தூரம் போனார், பாதுகாப்பாகத் திரும்பினார். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கட்டுமரம் பழுதானால் விறகாகும். ஃபைபர் படகு பழுதானால் கரையிலேயே கிடக்கும். எங்கள் கடற்கரைகளில் அப்படிக் கிடக்கும் ஓடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நுரைக்கு முன்னால் பலகை எப்படி இருந்தது? ஹவாய்த் தீவுகளில் அலைச்சறுக்கு பிறந்தபோது அது முழுக்க மரம். அரசகுலத்தவர் ஏறிய நீண்ட பலகைகளுக்கு அங்கே விரும்பப்பட்ட இலேசான மரத்துக்குப் பெயர் விலிவிலி. ஓடங்களின் பக்கமிதவைக்கும் வலைமிதவைக்கும் அதையே பயன்படுத்தினார்கள். தாவரவியலில் அது எரித்ரினா இனம். எங்கள் முள்முருக்கும் எரித்ரினாதான். யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்கும், கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றும் அதே முள்முருக்கு. அதன் இன்னொரு உறவுமரத்தை வெள்ளைத் துரைமார் 'டடப்' என்ற பெயரில் தேயிலைக்கு நிழலும் பசளையும் தரவென்று மலைநாடெங்கும் நட்டார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த அதே கண்டி மலைகளில் இந்த மரங்களை இன்றும் காணலாம்.

நான் கண்டியில் குடியிருக்கத் தொடங்கிப் பல வருடங்களாகின்றன. தெல்தோட்டைப் பக்கத்தில் தச்சுவேலை செய்யும் ஒரு மலையகத்துப் பெரியவரிடம் இந்த மரத்தைப் பற்றிக் கேட்டேன். "அத வெட்டி என்னங்க செய்யிறது? அடுப்புக்குக்கூட நின்னு எரியாது. ஆணி அடிச்சா புடிக்காது" என்று சிரித்தார். அவர் சொன்ன குறைதான் பலகைக்கு வேண்டிய குணம். நின்று எரியாத மரம் இலேசான மரம். ஒரு கனமீற்றர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம் நிறை. தோட்டங்களில் வளரும் அல்பீசியா 300 அளவில் நிற்கும். பல்சா 160 அளவு. நுரையோ 50க்கும் கீழே. ஆகவே மரம் நுரையைப் போல இலேசாக முடியாது. ஆனால் மரத்தை உள்ளே வெறுமையாகக் கட்டினால் அந்த இடைவெளி பெருமளவு குறையும்.

அமெரிக்கரான ரொம் பிளேக் 1930களின் தொடக்கத்தில் இந்த உள்வெறுமைப் பலகைக்குக் காப்புரிமை எடுத்தார். அதன் வேலை படகு கட்டுவதற்கு மிக நெருக்கமானது. நடுவில் முதுகெலும்புபோல ஒரு நீளப்பலகை. அதன் இருபுறமும் மீன்முள்ளைப்போல விலாத்துண்டுகள். மேலும் கீழும் விரல் தடிப்பிலும் குறைந்த மரக்கீற்றுகளை ஒட்டி மூடுகிறார்கள். ஓரத்தைக் கீற்றுக்கு மேல் கீற்றாக அடுக்கிச் சீவுளியால் வளைவு எடுக்கிறார்கள். கடைசியில் அரத்தாள். வெயிலில் உள்காற்று விரிந்து பலகை வெடிக்காமலிருக்க ஒரு சிறு திருகுத் துவாரம் வைக்கிறார்கள். 2005இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் தொடங்கிய கிரெய்ன் என்ற சிறு பட்டறை அந்தப் பகுதிச் சீடர் மரத்தில் இப்படித்தான் பலகை செய்கிறது. அவர்கள் பலகையை மட்டும் விற்பதில்லை. செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பையும், வீட்டிலிருந்தே கட்டுவதற்கான வெட்டிய துண்டுகளையும் விற்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் நூசாவில் ரொம் வெக்னர் இன்னும் எளிய பாதையில் போனார். ஹவாய்க்காரரின் 'அலையா' என்ற மெல்லிய, செட்டையில்லாத பலகையைப் பவுலோனியா மரத்தில் மீட்டெடுத்தார். அதற்குக் கண்ணாடி நார் வேண்டாம். எண்ணெய் பூசினால் போதும்.

இனி கண்டியைப் பார்ப்போம். இங்கே பலகைத் தொழில் கிடையாது. கடலும் கிடையாது. அறுகம்பைக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் பாதை. ஆனால் பலகைக்கு வேண்டிய மூன்றும் இங்கே இருக்கின்றன: மரம், நார், கை. கம்பளை இராசதானிக் காலத்தில் கதிர்காமக் கடவுளுக்கென எழுந்த எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைச் செதுக்கிய மரபு இன்றும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் உயிரோடு இருக்கிறது. தும்பறைப் பாய் நெய்பவர்கள் கற்றாழை இனச் செடிகளின் இலையைச் சுரண்டி உறுதியான நாரெடுக்கிறார்கள். கண்ணாடி நாருக்குப் பதிலாகத் தாவர நாரை வைத்துப் பார்க்கும் முயற்சிகள் உலகில் நடக்கின்றன. சணலும் சணலையொத்த நார்களும் பலகைக்கு மேல் ஏறியிருக்கின்றன. கண்டிக் கைவினையைப் பற்றிய முதன்மையான நூலை 1908இல் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன். கைவினைஞனின் வாழ்க்கைமுறை குலையும்போது அவனுடைய கலையும் குலைகிறது என்பது அவருடைய கவலை. நூறு வருடம் கடந்தும் அந்தக் கவலை பழசாகவில்லை.

ஆனால் இந்த இடத்தில் நான் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. 'சுற்றாடலுக்கு நட்பான கைவேலை' என்ற அட்டையை ஒட்டினால் பொருள் தானாக நல்லதாகிவிடாது. மூன்று கணக்குகள் பார்க்க வேண்டும்.

முதலாவது மரத்தின் கணக்கு. டித்வாவின்போது அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். மண்சரிவில் வீடுகளோடு மனிதர் புதைந்த சரிவுகளுக்குப் போய், இலேசான மரம் வேண்டும் வெட்டுங்கள் என்று சொல்பவர் எவரும் சுற்றாடலின் நண்பராக இருக்கமுடியாது. அல்பீசியா வேகமாக வளரும், கிளை எளிதில் முறியும். புயலில் விழுந்தவையும், பாதைக்கும் வீட்டுக்கும் ஆபத்தென்று அகற்றப்படுபவையும் ஏற்கெனவே இருக்கின்றன. டடப்பை வெட்டிச்சாய்க்கவே தேவையில்லை. அது காலாகாலமாகக் கவ்வாத்து செய்யப்படும் மரம். கண்டியின் வீட்டுத்தோட்டங்களில் பலாவும் மிளகும் கமுகும் மேலும் கீழுமாக அடுக்கு அடுக்காக வளர்கின்றன. அந்தத் தோட்டக்காரருக்கு ஓரத்தில் நிற்கும் இலேசான மரத்துக்கு விலை கிடைக்குமென்றால் அவர் அதைத் திரும்ப நடுவார். மரத்தின் மூலம் இவற்றைத் தாண்டக்கூடாது. எந்த மரம் உப்புநீரில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனம் சோதித்துச் சொல்லவும் வேண்டும். முள்முருக்கு இனம் விரைவில் உக்கும். அதை மூடிக்காக்காமல் கடலில் விடமுடியாது.

இரண்டாவது பூச்சின் கணக்கு. உள்வெறுமைப் பலகைக்கு மேலே நீர் புகாத உறை வேண்டும். பெரும்பாலோர் எப்பொக்சியும் மெல்லிய கண்ணாடி நாரும் பூசுகிறார்கள். தாவர எண்ணெயைப் பகுதியளவு சேர்த்த ரெசின்கள் இருக்கின்றன. அவையும் இறக்குமதிதான், முழுவதும் தாவரமும் அல்ல. மரப்பலகையின் உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. நுரைப்பலகை ஓரிரு பருவத்தில் நெளிந்து உடையும். நன்றாகக் கட்டிய மரப்பலகையைப் பல வருடம் பாவிக்கலாம், திருத்தலாம். பத்துப் பலகை குப்பைக்குப் போகும் இடத்தில் இரண்டு போனால் அதுதான் இலாபம். நிறை கூடியதால் போட்டிக்காரர் இதை விரும்பமாட்டார். அறுகம்பையில் முதன்முதல் அலையில் நிற்கப் பழகுபவர்களுக்கு நிறை பெரிய குறையல்ல.

மூன்றாவது கணக்குத்தான் எனக்கு முக்கியம். காசின் கணக்கு. 1823இலிருந்து எண்ணி, மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்த 200 வருடத்தை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடையின் கேள்வி இன்னும் பதிலில்லாமல் நிற்கிறது: தான் நட்ட மரம் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமா? தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் முகாமைக்குக் கொடுக்கப்பட்டன. மரத்தை விற்கும் காசு அங்கே போகிறது. லயத்தில் இருப்பவருக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சே பல தேர்தல்களைக் கடந்துவிட்டது. நாட்சம்பளம் ஊக்கக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபா என்பதையே 2026 வரவுசெலவுத் திட்டம் பெரிய செய்தியாகச் சொன்னது. இந்த நிலைமையில் தோட்டத்து மரத்தில் ஒரு 'பசுமைப் பலகை' செய்து வெளிநாட்டில் பல நூறு டொலருக்கு விற்றால், மரம் கம்பனிக்கு, பெயர் கடைக்காரருக்கு, தூள் மட்டும் தொழிலாளியின் நெஞ்சுக்கு. தும்பறை நெசவாளரின் கதையும் அதுதான். அவர்களுடைய கோலங்கள் விலையுயர்ந்த கடைகளில் தொங்குகின்றன. அவற்றை நெய்த சமூகத்தைச் சாதி கீழேயே வைத்திருந்தது.

கரையிலும் இதே கேள்வி இருக்கிறது. 2010 யூலையில் அறுகம்பைக்குத் தெற்கே பாணமையில் ராகம்வெல, சாஸ்திரவெல முதலான கிராமங்களின் விவசாயிகள் இரவில் விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய நிலத்தில் படைமுகாம்களும் கடற்படை நடத்தும் விடுதியும் எழுந்தன. நிலத்தின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க 2015இல் அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர். காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியைக் கடந்து போகிற வலிவடக்கு மக்களுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும். சுற்றுலா நிலத்தை எடுக்கும்போது இனம் பார்ப்பதில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்கப் பலமில்லாதவர் யார் என்பதைப் பார்க்கிறது. எங்கள் அரசியல்வாதிகள் பாணமை விவசாயியோடு ஒருநாள் போய் இருந்திருந்தால் வலிவடக்கின் குரலும் சற்றுத் தூரம் கேட்டிருக்கும்.

போருக்குப் பிந்திய வாழ்வாதாரத் திட்டங்களையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தையல் இயந்திரம், கோழிக்கூடு, பனையோலைப் பயிற்சி. சான்றிதழ் கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். சந்தை வரவில்லை. பொருளைச் செய்யும் கையை மட்டும் பயிற்றி, அதை வாங்கும் கையைத் தேடாததுதான் அவற்றின் பொதுவான தோல்வி. அலைச்சறுக்குப் பலகையில் வரிசை தலைகீழ். வாங்குகிறவர் ஏற்கெனவே கரையில் நிற்கிறார். 2018இல் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்தை அறுகம்பைப் பெண்கள் அமைத்தார்கள். கடலில் ஆண்கள் மட்டுமே இறங்கலாம் என்ற ஊர்க்கட்டுப்பாட்டை மீறி அவர்கள் போனார்கள். அவர்களைப் போன்ற ஒரு கழகமும், கண்டிப் பக்கத்துத் தச்சர் சிலரும், திருத்தும் வேலை தெரிந்த என் உறவுக்காரப் பொடியனைப் போன்றவர்களும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் என் யோசனை.

பெரிய பலகையில் தொடங்கத் தேவையில்லை. படுத்துக்கொண்டு அலையேறும் சிறிய வயிற்றுப்பலகை, கையில் மாட்டிக்கொண்டு நீந்தும் கைப்பலகை, பலகைக்கு அடியில் பூட்டும் மரச்செட்டை. இவற்றை ஒரு தச்சர் சில நாட்களில் செய்து முடிக்கலாம். எண்ணெய் பூசினால் போதும். பழுதானால் நட்டம் பெரிதில்லை. கை பழகிய பிறகு உள்வெறுமைப் பலகைக்குப் போகலாம். கண்டிக்கு வரும் பயணிக்கு ஒரு வாரப் பட்டறை நடத்தி, அவர் தன் கையால் செய்த பலகையோடு கிழக்குக்கு இறங்கட்டும். அப்போது மலையும் கரையும் ஒரே பயணியிடமிருந்து நேரடியாக உழைக்கும்.

இதற்கு அரசிடம் கேட்கவேண்டியவை பெரிய தொகைகளல்ல. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1951இலேயே இந்த நாடு சட்டம் செய்தது. மரத்தைக் காக்கச் சட்டம் போடத் தெரிந்த நாடு, மரத்தை நட்டு வளர்த்தவருக்கும் அதில் ஒரு பங்கை எழுதமுடியும். தோட்டத்தில் விழுந்த மரத்திலும் கவ்வாத்து மரத்திலும் தொழிலாளர் சங்கங்களுக்கு முதல் உரிமை கொடுக்கலாம். ரெசின் பாவிக்கும் பட்டறைகளில் முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயமாக்கலாம். இப்போது உல்லையில் ரெசினோடு போராடும் இளைஞருக்கு மரப்பலகை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அது இன்றைக்கே வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒன்று. ஊருக்குக் காசு அனுப்பும்போது கோயில் கோபுரத்துக்கும் கலியாண மண்டபத்துக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. பத்துத் தச்சருக்கு நல்ல சீவுளியும் ஒரு வருடச் சம்பளமும் கொடுத்து, செய்த முதல் ஐம்பது பலகையை அவுஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் விற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அலையேறுபவர்கள் அந்த நாடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பலகை செய்து தமிழருக்கு விடிவு வருமென்று நான் சொல்லவில்லை. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் தீர்வு என்ற கேள்விகளுக்கு எந்த மரமும் பதிலாகாது. ஆனால் அந்தப் பதில்கள் வரும்வரை சனம் உழைத்துச் சாப்பிட வேண்டும். அந்த உழைப்பின் மரமும், கருவியும், விலையைச் சொல்லும் உரிமையும் யாரிடம் இருக்கின்றன என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு விட்டால் அதை எழுத நாங்கள் அந்த இடத்தில் இருக்கமாட்டோம்.